அதே பணத்தில் பழைய சொகுசு காரா, புதிய சாதாரண காரா?

ஏழெட்டு வருடம் ஓடிய ஜெர்மன் சொகுசு கார் ஒரு பக்கம். ஷோரூமில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத நடுத்தர செடான் இன்னொரு பக்கம். கேட்கிற பணம் ஏறக்குறைய ஒன்றுதான். மனசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம். கதவைச் சாத்தும்போது வரும் அந்தத் ‘தொப்’ சத்தத்திலேயே பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள். நானும் விழ இருந்தவன்தான்.

சுகத்தைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. நல்ல வேகத்தில் போகும்போதும் பின் சீட்டில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேசலாம். அதோடு, புதிய கார் முதல் சில வருடங்களில் இழக்கும் பெரிய மதிப்பை ஏற்கெனவே வேறு யாரோ சுமந்துவிட்டார்.

ஆனால் இறங்கியது காரின் விலை மட்டும்தான், உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. கார் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்திருக்கலாம். ஹெட்லைட் உடைந்தால் அதை யாரும் மூன்றில் ஒரு பங்குக்குத் தர மாட்டார்கள்.

ஏர் சஸ்பென்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பைகள். வயதானால் ரப்பரில் வெடிப்பு விழுந்து மெல்லக் காற்று கசியும். அதை ஈடுகட்ட, காற்றை நிரப்பும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் அதுவும் போகும். ஒரு கசிவு, இரண்டு செலவு. நான் பார்க்கப் போன கார், போகும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டு கம்பீரமாக நின்றது. ஏதோ நெருட, அணைத்து வைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் காலை போனேன். முன்பக்க இடது மூலை தரையோடு தரையாகப் படிந்திருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையவில்லை. “ஸ்டார்ட் பண்ணினா தானா ஏறிடும் சார்” என்றார் விற்பவர். ஏறத்தான் செய்தது.

சில கோளாறுகளில் பாகத்தின் விலையைவிடக் கூலிதான் அதிகம். 2007-இல் வந்த பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில், வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்கும் சங்கிலியான டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. அது தேய்ந்தால் மாற்றுவதற்கு எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். அப்புறம், ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று சில கார் கம்பெனிகள் சொல்லும் அந்தக் கியர்பாக்ஸ் ஆயில். பல சொகுசு கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்று கேட்டிருக்க வேண்டும். சர்வீஸ் ரசீதுகளில் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

புதிய சாதாரண காரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமையே. வாரண்டி உண்டு, எந்த மெக்கானிக்கும் தொடுவார், காலையில் ஸ்டார்ட் ஆகும். ஓட்டும்போது கொட்டாவி வரலாம். விலை இறங்கும் நஷ்டம் உங்கள் தலையில்.

நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு: டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸில் ஒரு பழைய கார், குறிப்பாக இஎஸ் மாடல். அடித்தளம் சாதாரண டொயோட்டா காரினுடையது என்பதால் தொல்லை குறைவு. ஸ்டியரிங்கில் அந்த ஜெர்மன் கூர்மை இருக்காது. விற்பவருக்கும் அதன் அருமை தெரியும், அதனால் பேரம் பெரிதாகப் படியாது.

என்னைக் கேட்டால், வீட்டில் ஒரே கார் என்றால் புதியதுதான். இன்னொரு கார் இருந்து, இது பத்து நாள் ஷெட்டில் கிடந்தாலும் பரவாயில்லை என்றால் ஜெர்மன் காரை எடுக்கலாம், வருடா வருடம் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கிவிட்டு. சொகுசும் வேண்டும், நிம்மதியும் வேண்டும் என்பவர்கள் கம்பெனி வாரண்டி மிச்சமிருக்கும் மூன்று வருடக் காராகத் தேடுங்கள்.

எந்தப் பழைய காரானாலும் சரி, அந்தப் பிராண்டுக்கான ஸ்கேனர் (காரின் எலக்ட்ரானிக் பதிவுகளைப் படிக்கும் கருவி) வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஓடிய கிலோமீட்டர் மீட்டரில் மட்டும் இருப்பதில்லை. பல கார்களில் எஞ்சின், கியர்பாக்ஸ் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கம்ப்யூட்டர்களான கண்ட்ரோல் யூனிட்களிலும் பதிவாகியிருக்கும், சிலவற்றில் சாவியிலும்கூட. மீட்டரைத் திருத்துகிறவர் சில இடங்களைத் திருத்தாமல் விட்டுவிடுவதுண்டு. ஸ்கேனர் போடவே கூடாது என்று விற்பவர் சொன்னால், சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.