கோத்தகிரி விடுதியில் ஒரு ஞாயிறு இரவு: மாற்று குவார்ட்டர்பேக்குகளுக்கான திரையிடல்

கோத்தகிரியிலிருந்து கோடநாடு செல்லும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இந்தச் சிறிய தங்கும் விடுதியின் அறைகள் சுத்தமானவை, வாடகையும் நியாயமானது. ஆனால், இங்கு வரச் சொல்வதற்கு உண்மையான காரணம், போட்டிப் பருவத்து ஞாயிறு இரவுகளில் பொதுக்கூடத்தில் நடக்கும் அமெரிக்கக் கால்பந்துத் திரையிடல்தான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்கால நேரமாற்றத்துக்குப் பிறகு நமக்கு இரவு 11.30 மணிக்கு வருகிறது. அதுவரை பழைய ஆட்டங்களைப் போட்டு, விதிகளே தெரியாதவருக்கும் புரியும்படி உரிமையாளர் விளக்குகிறார்.

அவர் விரும்பித் தேர்ந்தெடுப்பவை மாற்று குவார்ட்டர்பேக்குகள் ஆடிய ஆட்டங்கள். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர்; அவர் ஆட முடியாதபோது இறங்குபவரே மாற்று. பயிற்சியின் பெரும்பகுதி முதன்மை ஆட்டக்காரருக்கே போய்விடுவதால், இவர்கள் வாரம் முழுவதும் அடுத்த எதிரணியின் குவார்ட்டர்பேக்கைப் போல ஆடிக் காட்டித் தம் அணியின் தடுப்பாட்டக்காரர்களைத் தயார்ப்படுத்துகிறார்கள். முதன்மை ஆட்டக்காரர் காயமடையும் நொடியில், அந்தக் குறைந்த பயிற்சியோடு அணியை நடத்த வேண்டியவர்களும் இவர்களே. 1993 ஜனவரியில், காயமடைந்த ஜிம் கெல்லிக்குப் பதிலாக ஆடிய ஃபிராங்க் ரைக், 3–35 என்று பின்தங்கிய பஃபலோ அணியைக் கூடுதல் நேரத்தில் 41–38 என வெல்லவைத்த ஆட்டத்தை இங்கேதான் முழுதாகப் பார்த்தேன்.

பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் 2018இல் சிறந்த ஆட்டக்காரர் விருதுபெற்ற நிக் ஃபோல்ஸைத்தான் உரிமையாளர் எல்லோருக்கும் மேலாகக் கருதுகிறார். எனக்கு ஏர்ல் மோரல்தான் பெரியவர். 1972இல் பாப் கிரீசியின் கால் முறிந்தபின், 38 வயதில் மயாமி அணியைப் பொறுப்பேற்றுத் தோல்வியே காணாமல் நடத்திவந்தவர், கிரீசி குணமடைந்ததும் சூப்பர் பவுலில் குவார்ட்டர்பேக் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். சேஸ் டேனியல் போன்றவர்கள் பத்தாண்டுகளுக்கும் மேல் தொழிலில் நீடித்து, ஐந்தே ஆட்டங்களில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியதையும் உரிமையாளர் அக்கறையோடு எடுத்துச் சொல்கிறார். எதிரணியின் உத்திகளைப் படித்து முதன்மை ஆட்டக்காரருக்கு உதவும் அறிவுக்கும் அணிகள் பணம் தருகின்றன என்பது அப்போதுதான் தெளிவாகிறது.

தேநீரும் வர்க்கியும் நன்றாக இருக்கின்றன. மின்வெட்டின்போது திரையைத் தாங்கும் இன்வெர்ட்டர் இல்லாதது பெரிய குறை. மழை நாட்களில் ஆட்டம் பாதியில் நின்றுபோகிறது. ஆட்டம் முடிய விடியற்காலை மூன்று மணியை நெருங்கும் என்பதால், அறையையும் சேர்த்தே முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.