ஹூபர்ட் டிரைஃபஸ் ஹைடெகர் லெக்சர் ஆடியோ: 5க்கு 4

மூணு மாசமா ஆஃபீஸ் போற பஸ்ல இதைத்தான் கேட்டுட்டு வந்தேன், நேத்து முடிஞ்சுது, மனசு ஒரு மாதிரி வெறிச்சுனு இருக்கு. டிரைஃபஸ் 1968ல இருந்து அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டில பிலாசபி சொல்லிக்கொடுத்தவர், 2017ல காலமாயிட்டார். கிளாஸ்ல ரெக்கார்ட் பண்ண ஆடியோ இன்டர்நெட் ஆர்கைவ்ல இலவசமா கிடைக்குது.

ஹைடெகர் ஜெர்மன் தத்துவவாதி, அவர் பேரைக் கேட்டாலே தலை சுத்தும்னு பயந்தேன், இவர் சுத்தியலை வச்சே புரிய வச்சுடுறார். வேலை மும்முரமா நடக்கும்போது ஆசாரிக்கு சுத்தியல்னு ஒண்ணு கண்ணுலயே படாது, வேலைதான் தெரியும், கைப்பிடி கழண்டாதான் அது ஒரு பொருளா முன்னாடி வந்து நிக்கும். அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டு தோசைத்திருப்பியோட பிடி லூசாகி ஆடுச்சு, பல வருஷமா கையில இருந்ததை அப்பதான் முதல் தடவையா பார்த்தேன், அடுப்பு முன்னாடி அப்படியே நின்னுட்டேன்.

இதை வச்சுதான் கம்ப்யூட்டர்காரங்களையும் எதிர்த்தார். கைப்பழக்கத்தை விதியா எழுதி மெஷினுக்குக் குடுத்துட முடியாதுன்னு சொன்னவர், 1965லயே ஏஐ ஆராய்ச்சியை ரசவாதத்தோட ஒப்பிட்டு ராண்ட்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதியிருக்கார்.

2001ல இன்டர்நெட் பத்தி ஒரு சின்ன புத்தகம் போட்டார், அதையும் கூடவே படிச்சேன். இந்த ஸ்பீடு வந்தா செகண்ட் கியர் போடுன்னு கார் பழகுறவனுக்கு விதி சொல்லித்தர்ற மாதிரி ஆரம்பப் பாடம்லாம் ஆன்லைன்லயே ஆகும், ஆனா அதுக்கு மேல தேர்ச்சி வரணும்னா ஆள் நேர்ல இருக்கணும், தப்பா சொல்லி நாலு பேர் முன்னாடி முகம் சுருங்குற ரிஸ்க் இருக்கணும், இல்லாட்டி உடம்புல ஏறாதுங்கிறார்.

அது எவ்வளவு உண்மைன்னு அவரோட ஆடியோலயே எனக்குத் தெரிஞ்சுது. ஒரு ஸ்டூடண்ட் ஏதோ கேட்பாங்க, மைக் தூரமா இருக்கிறதால கேள்வி நமக்கு சரியா விழாது, இவர் சட்டுனு பதில் சொல்லிட மாட்டார், யோசிப்பார், சில சமயம் தான் சொன்னதையே மாத்திக்குவார். மொத்த லெக்சர்லயும் உசுரான இடம் அதுதான். எனக்கும் அங்க ஒரு டவுட் இருக்கும், யார்கிட்ட கேட்கிறது, பஸ் ஜன்னலைப் பார்த்துட்டு உக்காந்திருப்பேன். ஒரு ஸ்டார் குறைச்சது அதுக்குத்தான்.

அதனால தனியா கேட்காதீங்க. கடைசி சில கிளாஸ் நானும் ஒரு ஃப்ரெண்டும் தனித்தனியா கேட்டுட்டு ஞாயித்துக்கிழமை டீக்கடைல உக்காந்து சண்டை போட்டோம், மனப்பதற்றம் பத்தின பகுதிக்கு மட்டும் மூணு வாரம் ஆச்சு, அப்பதான் ஏதோ கொஞ்சம் ஒட்டுச்சு. ஹைடெகரோட 'பீயிங் அண்ட் டைம்' புத்தகத்தோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் கையில வச்சுக்கோங்க, பக்கம் நம்பர் சொல்லிச் சொல்லித்தான் நடத்துறார்.