எஸ்எஸ்எச்-கீஜென்: பத்து வருடம் புழங்கிய பிறகு

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் 10 வருடமாக இருக்கிறேன். இத்தனை நாளில் வேறொன்றுக்கு மாறலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றாத கருவி எஸ்எஸ்எச்-கீஜென். தூரத்துச் சர்வருக்குள் கடவுச்சொல் இல்லாமல் நுழைய உதவும் சாவிக் கோப்புகளைச் செய்து கொடுப்பது இது. அப்படி நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளோடு கூடவே வந்துவிடும். சாவி செய்து கொடுப்பதில் இதற்கு முழு மார்க் போடுவேன். செய்த சாவி எங்கெங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொள்வதில் பாதி மார்க்கூடப் போட மனம் வரவில்லை.

கட்டளையைத் தட்டினால் கோப்பின் பெயர் கேட்கும், பிறகு பாஸ்ஃப்ரேஸை, அதாவது சாவிக்கே போடும் பூட்டுச்சொல்லை, இரண்டு முறை கேட்கும். தட்டும்போது திரையில் நட்சத்திரக்குறிகூட விழாது. புதிதாக வருகிறவர்கள் கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவார்கள். ஒரு நொடியில் இரண்டு கோப்பு தயார். பிரைவேட் கீ நம் கணினியை விட்டு நகரக் கூடாது, பப்ளிக் கீ எந்தச் சர்வருக்கும் போகலாம். முன்பெல்லாம் எல்லோரிடமும் “மைனஸ் டி போட்டு எட்25519 கொடுங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். மைனஸ் டி என்பது கட்டளையோடு சேர்த்துத் தட்டும் எழுத்து, சாவியின் வகையைச் சொல்லும். எட்25519 புது வகை, ஆர்எஸ்ஏ பழைய வகை. 2023-ல் வந்த 9.5 பதிப்பிலிருந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும் அதுவே வருகிறது. அதன் பப்ளிக் கீ ஒரே வரிதான். 4096 பிட் ஆர்எஸ்ஏ என்றால் திரையில் பல வரி மடிந்து ஓடும், காப்பி செய்யும்போது நடுவில் அறுந்துபோகும். எட்25519 தெரியாத பழைய கருவிகளுக்கு மட்டும் இன்னும் ஆர்எஸ்ஏ வைத்திருக்கிறேன்.

பாஸ்ஃப்ரேஸைக் காலியாக விட்டு என்டர் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். லேப்டாப் கை மாறினால் அத்தனை சர்வரும் கை மாறின மாதிரிதான். ஏற்கெனவே காலியாக விட்டிருந்தாலும் மைனஸ் பி கொடுத்து இப்போதுகூடப் போட்டுக்கொள்ளலாம். சாவி மாறாது, சர்வர் பக்கம் எதையும் தொட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் தட்டச் சலிப்பாக இருந்தால் சாவியைத் திறந்து நினைவில் வைத்துக்கொள்ளும் எஸ்எஸ்எச்-ஏஜென்ட்டில் ஏற்றிவிட்டால் போதும்.

இனி குறைகள். எங்கள் அணிக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் இன்னொரு சாவி செய்யப் போனார். பெயர் கேட்டதும் பழக்கத்தில் என்டர். ‘இந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மேலெழுதவா’ என்று ஒரே ஒரு கேள்வி. அவர் ஒய் தட்டிவிட்டார். “அக்கா, எந்தச் சர்வரும் உள்ள விட மாட்டேங்குது” என்று வந்து நின்றார், முகம் வெளுத்துப்போயிருந்தது. பழைய பிரைவேட் கீ போயே போய்விட்டது. ஒரு நகல்கூட எடுத்து வைக்காமல் இந்தக் கருவி அதை அழித்துவிடும். நல்லவேளையாக இன்னொரு டெர்மினலில் முந்தைய இணைப்பு அறுபடாமல் இருந்தது. “அத மட்டும் மூடிராதீங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, அது வழியாகவே புதிய பப்ளிக் கீயை ஆதரைஸ்டு-கீஸ் கோப்பில், அதாவது யார் யாரை உள்ளே விடலாம் என்று சர்வர் வைத்திருக்கும் பட்டியலில், சேர்த்தோம். இத்தனை வருடப் பழைய கருவிக்கு இவ்வளவு பெரிய விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அன்றிலிருந்து கோப்பின் பெயரைச் சொல்லும் மைனஸ் எஃப் போட்டு ஒவ்வொரு சாவிக்கும் தனிப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம்.

இதைவிடப் பெரிய குறை, சாவிக்குத் தானாகக் காலாவதியே கிடையாது என்பது. ஒரு சர்வரின் ஆதரைஸ்டு-கீஸ் கோப்பைத் திறந்தபோது 14 வரி இருந்தது. அதில் 5 வரியின் கடைசியில் ‘ரூட் அட் லோக்கல்ஹோஸ்ட்’ என்று ஒரே குறிப்பு. யாருடையது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மைனஸ் எல் கொடுத்தால் அந்தக் கோப்பிலுள்ள ஒவ்வொரு சாவியின் கைரேகையும், அதாவது அதை அடையாளம் காட்டும் சுருக்க எழுத்துக்கோவையும், வரும். யார் எந்தச் சாவியால் நுழைந்தார்கள் என்று சர்வர் லாகிலும் அதே கைரேகை பதிவாகும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்று, 8 மாதத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போனவருடையது. போன பிறகு அவர் அதை ஒருமுறையும் பயன்படுத்தவில்லை. ஆனாலும் அத்தனை நாளும் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது கேப்பிட்டல் சி போட்டு ஆளின் பெயர், கணினி, மாதம் மூன்றையும் குறிப்பில் எழுதாமல் யாருக்கும் சாவி சேர்ப்பதில்லை. தற்காலிகமாக வருகிறவர்களுக்கு ஆதரைஸ்டு-கீஸ் வரியின் தொடக்கத்தில் முடிவுத் தேதியும் போடுகிறோம், 2018-ல் 7.7 பதிப்பில் வந்த வசதி அது. சர்வர் நிறைய இருந்தால் சான்றிதழ் முறைதான் சரி. மைனஸ் எஸ் கொடுத்து இதே கருவியால் பப்ளிக் கீயில் கையெழுத்திட்டு, ஒரு நாள் மட்டும் செல்லும் என்று கேப்பிட்டல் வி-யில் சொல்லிவிடலாம். கையெழுத்துப் போடும் அந்த ஒரு சாவியை நம்பு என்று சர்வர்களிடம் சொல்லிவைத்தால் போதும், ஆள் ஆளாகச் சேர்க்க வேண்டியதில்லை. இவ்வளவு நல்ல வசதி மேனுவல் பக்கத்தின் நடுவில் புதைந்து கிடப்பதுதான் என் வருத்தம்.

பாதிச் சர்வர்களை அதற்கு மாற்றிவிட்டோம். அந்த 14 வரிக் கோப்பில் இப்போது 3 வரி இருக்கிறது, மூன்றும் யாருடையது என்று தெரியும்.