மேனேஜரை மாற்றுவதா, பொறுத்திருப்பதா?

2024-25 சீசனில் கால்பந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட், இங்கிலாந்தின் முதன்மைத் தொடரான பிரீமியர் லீக்கில் 20 அணிகளில் 15-வது இடம். ஐரோப்பியக் கிளப்களுக்கான யூரோப்பா லீக் இறுதியிலும் டாட்டன்ஹாமிடம் 0-1 என்று தோல்வி. பார்க்கிற நமக்கு வயிறு எரிகிறது.

மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, மாற்றினால் உடனே ஒரு வேகம் வரும், உண்மைதான். 2018 டிசம்பரில் மேனேஜர் மொரின்யோ போய் சோல்ஷர் வந்ததும் முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. அப்புறம் பாரிஸில் அந்த ஊர் அணியான பிஎஸ்ஜியை 3-1 என்று வீழ்த்திய இரவு! 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நிமிடங்களில் நம் ராஷ்ஃபோர்டு அந்த பெனால்டியை அடித்தபோது தொண்டை கிழியக் கத்தினோம். ஆனால் சீசன் முடிவில் 6-வது இடம்தான். அதைவிடப் பெரிய சேதம் வேறு. பின்னால் மேனேஜராக இருந்த டென் ஹாக் நான்கு டிஃபெண்டர்களை (தடுப்பாட்டக்காரர்களை) வைத்து ஆட ஆள் சேர்த்தார். அவருக்குப் பிறகு 2024 நவம்பரில் வந்த அமோரிம் மூன்று பேரை வைத்து ஆடினார். அந்த முறைக்குத் தேவையான விங்-பேக், அதாவது ஓரத்தில் ஏறி இறங்கி ஆடுகிறவர், ஆட ஆளே சரியாக இல்லை. ஆளுக்கொரு திட்டம், பணம்தான் கரைகிறது.

பொறுமைக்கும் விலை உண்டு, வாராவாரம் தோல்வியைச் சகிக்க வேண்டும். ஃபெர்குசன் யுனைடெட்டுக்கு மேனேஜராக 1986-இல் வந்தார்; 1989-90-இல் அணி 13-வது இடம். அவரது முதல் லீக் பட்டம் 1993-இல்தான். இன்னொரு கிளப்பான ஆர்செனலும் மேனேஜர் ஆர்டெட்டாவின் கீழ் இருமுறை 8-வதாக முடித்த பிறகே எழுந்தது.

என் ஓட்டு பொறுமைக்குத்தான். ஆனால் ஆட்டமுறையையும் ஆள் எடுப்பதையும் கிளப்பே தீர்மானிக்க வேண்டும். அதற்குப் பொருந்துகிற மேனேஜரைத் தேட வேண்டும்.