சென்னை வெயிலுக்கு நைட்ரஸ் கிட் ஒத்துவருமா? 50 ஷாட் வெட் செட்டப் பற்றி

பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கில் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய, வலுவான) பிஸ்டன் போட்டு, ரிங் கேப்பை, அதாவது பிஸ்டன் ரிங் முனைகளின் இடைவெளியை, கொஞ்சம் கூட்டி வைத்துக் கட்டிய இன்ஜின் என்னுடையது. அதில் மாட்டியது நைட்ரஸ் ஆக்ஸைடு கேஸை இன்ஜினுக்குள் அனுப்பி பவரைக் கூட்டுகிற ஒற்றை நாஸில் வெட் கிட் (கேஸோடு பெட்ரோலும் சேர்ந்தே வரும்), 50 ஷாட், அதாவது 50 குதிரைத்திறன் கூட்டித்தரும் ஜெட்டோடு. கிட் நல்ல கிட்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெட்டியில் வருவதை மட்டும் மாட்டி ஓட்டினால் இன்ஜின் தாங்காது. பாதுகாப்புக்கு வேண்டிய சாமானில் பாதியைத் தனியாகத்தான் வாங்கவேண்டும், விற்கிற ஆள் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.

நைட்ரஸ் தானாக எரிகிற சரக்கு இல்லை. காற்றில் எடைக்கு 23 சதவீதம் ஆக்ஸிஜன் என்றால் இதில் 36, அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஈடாகப் பெட்ரோல் போகாவிட்டால் லீன் ஆகி (கலவையில் பெட்ரோல் குறைந்து) பிஸ்டன் உருகும். கேஸை மட்டும் அனுப்புகிற டிரை கிட்டில் அந்தப் பெட்ரோலை ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டர் வழியாகக் கூட்டித் தரவேண்டும், எல்லாம் டியூனர் கையில் இருக்கிறது. வெட்டில் இரண்டும் ஒரே நாஸிலில் வருவதால் எனக்கு அது நிம்மதி. என்ன, குறைந்த ஆர்பிஎம்மில் அடித்தால் பெட்ரோல் மேனிஃபோல்டிலேயே (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) தேங்கி பேக்ஃபயர் அடிக்கும். அதனால் விண்டோ ஸ்விட்ச் இல்லாமல் இதைத் தொடவே கூடாது: 3000-க்குக் கீழே திறக்காது, ஆர்பிஎம் எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டருக்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும். அதோடு த்ராட்டிலை முழுசாக மிதித்தால் மட்டும் வேலைசெய்யும் ஸ்விட்ச், பெட்ரோல் பிரஷர் விழுந்தால் கேஸை நிறுத்துகிற ஸ்விட்ச். இந்த மூன்றில் கடைசியைத்தான் எல்லோரும் காசு மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதலில் வேண்டும்.

பெட்டியில் கேஸ் பாட்டிலைச் சூடாக்க ஹீட்டர் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். குளிர் நாட்டுக்காரனுக்கு அது தேவை, நமக்கு எதற்கு? பாட்டில் பிரஷர் 900 முதல் 950 பிஎஸ்ஐ வரை இருந்தால் நல்லது, அது கிட்டத்தட்ட 30 டிகிரியிலேயே கிடைத்துவிடும். நைட்ரஸுக்கு 36.4 டிகிரிதான் எல்லை, அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. மே மாதம் மூடிய டிக்கியில் என்ன சூடு இருக்கும் என்று நமக்குத் தெரியாதா! கேஜ் முள் 1100-ஐத் தாண்டிப் போய் நிற்கும். அந்த நிலையில் ஜெட் கணக்கு எல்லாம் தப்பிவிடும், அழுத்தம் ரொம்ப ஏறினால் கேஸைத் திறந்து மூடும் மின் வால்வான சொலினாய்டே திறக்காமல் மக்கர் செய்யும். ஈரத் துணியைச் சுற்றி, முள் இறங்கிய பிறகுதான் வால்வைத் திறக்கிறேன். அப்புறம், பாட்டிலின் சேஃப்டி டிஸ்க் உடைந்தால் கேஸ் காருக்குள் வராமல் வெளியே போக ப்ளோ டவுன் குழாய் கட்டாயம். டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவில் இருப்பது பின்சீட்டு மட்டும்தான், அதை நம்பமுடியாது.

ஜெட் என்பது குண்டூசித் துளை அளவு ஓட்டையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு, மேலே எண் பொறித்திருக்கும். கேஸ் ஜெட்டும் பெட்ரோல் ஜெட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், மெக்கானிக் மாட்டியதை நீங்களே ஒருமுறை கழற்றி எண்ணைச் சரிபாருங்கள். 50 ஷாட்டுக்கு இக்னிஷன் டைமிங்கை 2 டிகிரி ரிடார்ட் செய்து (ஸ்பார்க்கைத் தாமதமாக்கி), ஒரு படி கோல்டு பிளக் (சூட்டைச் சீக்கிரம் கடத்தும் ஸ்பார்க் பிளக்) போட்டாலே போதும்.

சட்டம் பற்றியும் கேட்பீர்கள். பெசோ (கேஸ் சிலிண்டர் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) ஒப்புதல் இல்லாத சிலிண்டரில் கேஸ் நிரப்புவது விதிமீறல், அமெரிக்க முத்திரை இங்கே செல்லாது. ஆர்சி-யில் இல்லாத மாற்றத்தோடு ஈசிஆரில் ஓட்டுவதும் வம்புதான். என் வண்டியில் பாட்டில் ஏறுவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போகும்போது மட்டும்.

பெட்டியில் 75 ஜெட்டும் இருக்கிறது. போடு மச்சான் என்று நண்பர்கள் உசுப்பேற்றுகிறார்கள். பெட்ரோல் பம்ப்பை மாற்றி, டைனோவில் (பவரை அளக்கும் மெஷின்) ஏற்றி ஏஎஃப்ஆர் (காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்) பார்க்காமல் அதை நான் எடுக்கப்போவதில்லை.