காட்பாடி, லத்தேரி, கே.வி.குப்பம் பக்கம் இருக்கறவங்க உஷார்: புள்ளைக்கு அடிபட்டா புரோக்கர்கிட்ட ஃபைல் குடுக்காதீங்க

ஸ்கூல் வேன்ல புள்ளைங்கள அனுப்பறவங்க இத முழுசா படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

எங்க அக்கா பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்குது. வேன்ல ஏறி உள்ள கால் வெக்கறதுக்குள்ள டிரைவர் வண்டிய எடுத்துட்டான், கதவு கூட சாத்தல, புள்ள ரோட்ல விழுந்து முழங்கை உடைஞ்சிபோச்சி. வேன் ஓனரே கார்ல தூக்கினு போயி ஆஸ்பத்திரில சேர்த்தாரு, முதல் செலவுக்கு காசும் குடுத்தாரு, எவ்ளோ நல்ல மனுஷன்னு வீட்ல எல்லாரும் பேசிக்கினாங்க. ஸ்கூல்ல போயி கேட்டா வேன் எங்களுது இல்ல, நீங்களா பேசி வெச்சிக்கினதுன்னு கைய விரிச்சிட்டாங்க.

அந்த நல்ல மனுஷன் பண்ணது அப்பாலதான் தெரிஞ்சிது. கேஷுவாலிட்டில டூட்டி டாக்டர் ஏ.ஆர். போடுவாரு இல்ல, ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், எப்படி அடிபட்டுதுன்னு கூட வந்தவங்கள கேட்டு எழுதறது. எங்க அக்கா புள்ளைய மடியில போட்டு அழுதுக்கினு இருக்க, பதில் சொன்னது ஓனரு. இங்கிலீஷ்ல ஒரே வரி: விளையாடும்போது தவறி விழுந்ததா சொல்றாங்க. வேன்னு ஒரு எழுத்து இல்ல. நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டா, வேன் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் மொதல்ல புடிக்கறது இந்த வரியத்தான். யாரு தூக்கினு போனாலும் சரி, ஏ.ஆர். எழுதற எடத்துல வீட்டு ஆளு ஒருத்தர் நின்னு, வண்டி நம்பரோட சொல்லி, இன்னா எழுதினாங்கன்னு படிச்சி பாருங்க.

அடுத்தது 20 ரூபா பத்திரம். 25,000 பெற்றுக்கொண்டோம், மேற்கொண்டு எந்த உரிமையும் கோரமாட்டோம், போலீஸ் புகார் தரமாட்டோம்னு டைப் அடிச்சே கொண்டாந்துட்டாங்க. மாமா போட்டுட்டாரு கையெழுத்து. கூலி வேலை, கையில காசு இல்ல, அவர சொல்லி இன்னா பண்றது. அப்பால டாக்டர் சொன்னாரு, வளர்ற எலும்போட முனையில அடி, கை நேரா வளருமா கோணுமான்னு புள்ள வளர வளரத்தான் தெரியும், இன்னொரு ஆபரேஷன் கூட வரலாம்னு. பத்து வருஷம் கழிச்சி தெரியப்போற சேதத்துக்கு இப்பவே 25,000ன்னு முடிச்சிட்டாங்க பாருங்க. சுப்ரீம் கோர்ட் 2013ல மல்லிகார்ஜுன் கேஸ்ல குழந்தைங்களுக்கு நஷ்டஈடு எவ்ளோன்னு தனி அளவே சொல்லியிருக்கு: ஊனம் 10 சதவீதத்துக்கு மேல 30 வரைக்கும் 3 லட்சம், 60 வரைக்கும் 4, 90 வரைக்கும் 5, அதுக்கும் மேல 6 லட்சம், வைத்திய செலவு தனி. 2020ல காஜல்னு 12 வயசு பொண்ணு கேஸ்ல 62 லட்சத்துக்கு மேலயே குடுத்தாங்க.

அந்த பத்திரத்த பாத்து பயந்துடாதீங்க. காசு வாங்கிக்கினு கிரிமினல் புகார் தரமாட்டேன்னு எழுதிக்குடுக்கறது ஒப்பந்தச் சட்டம் 23ல அடிபட்டுபோவும். கேஸ் கோர்ட்டுக்கு போயிட்டா, அப்பா அம்மாவே ஆனாலும் கோர்ட் அனுமதி இல்லாம மைனர் சார்பா சமாதானம் பேச முடியாது, சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 32 விதி 7. வர்ற பணமும் பெரும்பாலும் புள்ள பேர்ல 18 வயசு வரைக்கும் டெபாசிட்லதான் போடுவாங்க, யாரும் கைவெக்க முடியாது.

இப்ப புரோக்கர் கதை. ஆஸ்பத்திரி வெளிய டீக்கடையில ஃபைலோட உட்காந்துக்கினு இருந்த ஆளு, "உனக்கு இன்னாம்மா தெரியும், எல்லாம் நான் பாத்துக்கறேன், வர்றதுல 40 பர்சென்ட் எங்க வக்கீல் சாருக்கு"ன்னு அக்காவ பேசி மடக்கிட்டான். எஃப்ஐஆர் செலவுன்னு 5,000, வெத்து வக்காலத்துல (நமக்காக வாதாட வக்கீலுக்கு எழுதிக்குடுக்கற பேப்பர்) கையெழுத்து, ஒரிஜினல் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாம் வாங்கினு போனவன் கேஸே போடல. போன் பண்ணா இதோ ஃபைலிங், அதோ நம்பர் ஆயிடுச்சின்னு இழுத்துக்கினே இருந்தான். ஆக்சிடென்ட் நடந்து 6 மாசத்துக்குள்ள கிளெய்ம் போடணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 166ல சேர்த்துட்டாங்க, 2022 ஏப்ரல்லேர்ந்து அமல்ல இருக்கு. அது அவனுக்கு தெரியாதா? வர்ற பணத்துல பங்குன்னு வக்கீல் பேசறதே பார் கவுன்சில் விதிப்படி தப்பு. எஃப்ஐஆர் காப்பி புகார் குடுத்தவங்களுக்கு இலவசம், அதுக்கு இன்னாத்துக்கு 5,000?

கடைசில வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்ல இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போனோம். பொம்பளைங்களுக்கும் குழந்தைங்களுக்கும் வருமானம் பாக்காம இலவசமாவே வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டத்துல இருக்கு, போன்ல கேக்கறதுன்னா 15100. அங்க குடுத்த வக்கீல் மேடம் கேட்ட மொத கேள்வி எஃப்ஐஆர் எங்கன்னு. அதுவே இல்ல. லேட்டா குடுத்தா எடுப்பாங்களான்னு பயந்தோம், ரவி கேஸ்னு ஒண்ணு சொன்னாங்க, 8 வயசு பையனுக்கு அடிபட்டு மூணு மாசம் கழிச்சிதான் எஃப்ஐஆர், லேட்டுங்கறத மட்டும் வெச்சி தள்ளக்கூடாதுன்னு 2011லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்காம்.

ஸ்டேஷன்ல புகார் ஏத்தி, ஆஸ்பத்திரில டூப்ளிகேட் ரெக்கார்டு வாங்கி, 6 மாசம் முடியற நேரத்துல கிளெய்ம் போட்டாச்சி. ரோட்டோர கடை சிசிடிவி எப்பவோ அழிஞ்சிபோச்சி, பின்னாடி வந்த ஷேர் ஆட்டோ அண்ணன் சாட்சி சொல்றேன்னு வந்திருக்காரு, அந்த ஏ.ஆர். வரிய இவர வெச்சித்தான் உடைக்கணும். ஒரிஜினல் எக்ஸ்ரே இன்னும் அந்த ஆளுகிட்டதான் மாட்டினு இருக்கு. நீங்களும் எவன்கிட்டயாவது ஃபைல் குடுத்திருந்தா, கேஸ் நம்பர் இன்னான்னு கேளுங்க, நம்பர் சொல்லலன்னா கேஸ் போடலன்னு வெச்சிக்கோங்க, ஆக்சிடென்ட் தேதிய எண்ணி பாத்துட்டு இன்னிக்கே சத்துவாச்சாரிக்கு கிளம்புங்க.