ஒரே எண், இரண்டு எடை: 5-ஆம் எண் ஃப்ளை லைன்கள் இரண்டு

கார்ட்லண்ட் நிறுவனத்தின் 444 பீச், சயன்டிஃபிக் ஆங்லர்ஸ் நிறுவனத்தின் மாஸ்டரி எம்பிஎக்ஸ் ஆகிய இரண்டு ஃப்ளை லைன்களின் (ஃப்ளை மீன்பிடியில் வீசும் தடித்த தூண்டில் நூல்களின்) பெட்டியிலும் 5 என்ற எண்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ராடில், அதாவது தூண்டில் கோலில், இரண்டையும் மாற்றிப் பூட்டி வீசுபவருக்கு, எடை ஒன்றல்ல என்பது முதல் சில வீச்சுகளிலேயே கைக்குத் தெரிந்துவிடும். ஃப்ளை மீன்பிடியில் முள்ளில் கட்டிய செயற்கைப் பூச்சிக்கு, அதாவது ஃப்ளைக்கு, எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. ராடை வளைத்து, அந்தப் பூச்சியை ஆற்றின் மறுகரை வரை கொண்டு சேர்ப்பது லைனின் எடைதான். ஆகவே லைனைத் தனியாகவும் ராடைத் தனியாகவும் மதிப்பிடுவதில் பயனில்லை.

அமெரிக்கத் தூண்டில் கருவித் தயாரிப்பாளர் சங்கம் 1960-களின் தொடக்கத்தில் நிலைப்படுத்திய அளவுப்படி, 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9 கிராம், இருக்க வேண்டும். 6-ஆம் எண்ணுக்கு அது 160 கிரெயின். 444 பீச் இந்தப் பழைய அளவையொட்டியே வார்க்கப்படுகிறது. எம்பிஎக்ஸ் அரை எண் கூடுதல் எடையுள்ளது என்று தயாரிப்பாளரே அறிவித்திருப்பதால், அது 150 கிரெயினை ஒட்டி நிற்கிறது. இந்தக் கூடுதல் எடை ஏமாற்று வேலை அல்ல. இன்றைய கிராஃபைட் ராடுகள் எண்ணில் 5 என்றாலும் விறைப்பில் அதைத் தாண்டி நிற்பவை. அவற்றை வளைக்க அந்தப் பத்து கிரெயின் தேவைப்படுகிறது.

ராடின் ஆக்‌ஷன் என்பது அது எங்கே வளைகிறது என்பதைச் சொல்லும்: நுனிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், நடுவரை வளைந்தால் மீடியம், கைப்பிடி வரை வளைந்தால் ஸ்லோ. வளைந்த ராட் எவ்வளவு விரைவாக நிமிர்கிறது என்பது வேறு கணக்கு. கடைக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே பேசுவதால்தான் வாங்குபவர் குழம்புகிறார்.

9 அடி ஃபாஸ்ட் கிராஃபைட் ராடில் 444 பீச்சைப் பூட்டி, மிச்சிகனின் ஆ சேபிள் போன்ற ஆற்றில் 20 அடிக்குள் எழும் ட்ரவுட் மீனுக்கு வீசினால், ராட் வளைந்ததாகவே தோன்றாது. காரணம் எளிது. லைனின் முன்பகுதி நுனியை நோக்கி மெலிந்து செல்வதால், 20 அடி மட்டும் வெளியே இருக்கும்போது அதன் எடை 140-இல் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டுவதில்லை. 3-ஆம் எண் லைனுக்குரிய 100 கிரெயினுக்கும் குறைவான சுமையைத்தான் ராட் உணர்கிறது. அதே ராடில் எம்பிஎக்ஸ் ஓரளவு உயிர் கொடுக்கிறது: பின்வீச்சில் லைன் நேராகும் கணத்தில் கைப்பிடியில் ஒரு சிறு இழுப்பு தெரிகிறது, முன்வீச்சை எப்போது தொடங்குவது என்பதை அந்த இழுப்பே சொல்லிவிடுகிறது. ஆனால் 45, 50 அடிக்குப் போகும்போது நிலைமை தலைகீழாகிறது. வெளியே போகும் ஒவ்வோர் அடியும் எடையைக் கூட்டுவதால், அந்தத் தூரத்தில் பீச் தானாகவே ராடுக்கு வேண்டிய சுமையை எட்டிவிட்டு, குறுகலான, ஒழுங்கான வளையமாகப் பறக்கிறது.

கைப்பிடி வரை வளையும் ஏழரை அடி ஃபைபர்கிளாஸ் ராடில் தீர்ப்பு இன்னும் தெளிவு. பீச் அதற்கென்றே பிறந்ததைப்போல் அமைகிறது. லைனுக்கும் ஃப்ளைக்கும் இடையிலுள்ள மெல்லிய இழையான லீடர் மெல்ல விரிந்து, நீரில் மிதக்கும் சிறிய உலர் ஃப்ளை நீரைக் கலக்காமல் இறங்குகிறது. எம்பிஎக்ஸ் போட்டால் ராட் அளவுக்கு மீறி வளைந்து, நிமிர நேரம் எடுத்துக்கொள்கிறது. வளையம் அகன்று, லைன் நீரில் தொப்பென்று விழுகிறது. அங்கே 4-ஆம் எண் எம்பிஎக்ஸ் வாங்குவது ஒரு வழி.

ராடின் உண்மையான எண்ணை அறிய விரும்புவோருக்கு வில்லியம் ஹனமன் வகுத்த காமன் சென்ட்ஸ் முறை இருக்கிறது: ராடைக் கிடையாகப் பிடித்து நிறுத்தி, நுனியில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, ராடின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி தாழும்வரை அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களைப் போட்டு எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையைக் கொண்டு ராடின் எண்ணைக் கணக்கிடலாம். வேடிக்கையாகத் தோன்றினாலும், ராடில் அச்சிட்ட எண்ணைவிட நம்பத்தக்கது.

ஜூன் இறுதியில் ஆ சேபிளில் இரவு நேரத்தில் ஹெக்ஸ் பூச்சிகள் கிளம்பும்போது, காற்றை எதிர்க்கும் பெரிய ஃப்ளையை இருட்டில் குறுகிய தூரத்துக்குத் தள்ள எம்பிஎக்ஸ்தான் கைகொடுக்கும். மற்றபடி மீடியம் அல்லது ஸ்லோ ராட் வைத்திருப்பவர், விலையிலும் குறைந்த 444 பீச்சைத் தயங்காமல் வாங்கலாம். அதில் இருபுறமும் மெலிந்த டபுள் டேப்பர் வகையைக் கேட்டு வாங்கினால், ஒரு முனை தேய்ந்தபின் திருப்பிச் சுற்றி மறுமுனையையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.